லைக்கார்ட் ஓவல்: பணம் வந்தாச்சு, எதைக் கட்டுவது, எதைத் தொடாமல் விடுவது?

#1 மேட்டுப்பக்கம் எழுதியது:

லைக்கார்ட் ஓவலுக்கு 4 கோடி டாலர் என்று அறிவிப்பு வந்த அன்றே பலர் "அப்பாடா, மைதானம் தப்பிச்சுது" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். மத்திய அரசு 2 கோடி, நியூ சவுத் வேல்ஸ் அரசு 1 கோடி, இன்னர் வெஸ்ட் கவுன்சில் 1 கோடி. நல்ல செய்திதான். ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான வேலை இப்போதுதான் தொடங்குகிறது. அந்தப் பணத்தை எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரக்பி லீக் பக்கம் அதிகம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சிட்னியின் லில்லிஃபீல்டில், அயர்ன் கோவ் கரையோரம், நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த மைதானம். 1908-ல் சிட்னி ரக்பி லீக் போட்டி தொடங்கியபோதே இருந்த அணிகளில் ஒன்று பால்மெய்ன் டைகர்ஸ். 1934-ல் இங்கே குடிவந்தார்கள். 1995, 96 இரண்டு வருடம் 'சிட்னி டைகர்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு பாரமட்டாவுக்குப் போனார்கள். 97-ல் திரும்பி வந்துவிட்டார்கள். 1999 முடிவில் வெஸ்டர்ன் சபர்ப்ஸ் மேக்பைஸோடு இணைந்து வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆனார்கள். இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் பிடிக்கும்: 1908 ஏப்ரல் 20, போட்டியின் முதல் நாளே பால்மெய்னும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் பர்ச்க்ரோவ் ஓவலில் மோதிக்கொண்டார்கள். 24-0, பால்மெய்ன் வெற்றி. 91 வருடம் கழித்து அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

மைதானம் சுமார் 20,000 பேரைத் தாங்கும். அதில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் குறைவு. பெருங்கூட்டம் பழைய பால்மெய்ன் வீரர் வெய்ன் பியர்ஸ் பெயர் சூட்டப்பட்ட புல்மேட்டில்தான். மேட்டில் உட்கார்ந்தால் ஆட்டக்காரன் தோள் இடிக்கிற சத்தம் கேட்கும். பாதி ஆட்டத்தில் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் உட்கார்ந்து சறுக்குவார்கள். ஆட்டம் எந்தப் பக்கம் போனாலும் அவர்களுக்குக் கவலை கிடையாது.

ஆனால் மேட்டைத் தவிர மற்றதெல்லாம் நைந்துபோய்விட்டது. உடைமாற்றும் அறை இந்தக் காலத்து அணிக்குப் போதாது. கழிப்பறை வரிசையில் நின்றே பாதி ஆட்டம் போய்விடும். மேம்படுத்தாவிட்டால் இங்கே ஆடுவதற்கில்லை என்று கிளப் நிர்வாகமே வெளிப்படையாக எச்சரித்தது. 2024-ல் பள்ளி மாணவர்களின் ரக்பி யூனியன் ஆட்டம் ஒன்றின்போது தடுப்புக் கம்பி பெயர்ந்து, சாய்ந்து நின்றவர்கள் கீழே விழுந்தார்கள், சிலருக்குக் காயம். அதற்குப் பிறகு "பழமையின் அழகு" என்று யாரும் பேச முடியாது.

என் கட்சி இதுதான்: முதலில் மனிதர்கள் பயன்படுத்துகிற பகுதிகளைச் சரிசெய்யுங்கள், அதாவது கம்பி, படி, கழிப்பறை, உடைமாற்றும் அறை. மேட்டில் கை வைக்காதீர்கள். கவுன்சில் கையெழுத்துப் போடும் அதே நாளில் கிளப்பும் எத்தனை வருடத்துக்கு எத்தனை ஆட்டம் என்று கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 பாரமட்டாவாசி எழுதியது:

அண்ணா, நீங்க எழுதினதை ரசிச்சுப் படிச்சேன். ஆனா ஒத்துக்க முடியலை. நான் பாரமட்டா ஈல்ஸ் அணி ஆள், அதனால சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க.

கார்ல கிளம்பினா அரைமணி நேரத்துல பாரமட்டா. அங்க 2019-ல திறந்த கம்பேங்க் ஸ்டேடியம் இருக்கு. 30,000 இருக்கை, எந்த மூலையில உட்கார்ந்தாலும் ஆடுகளம் பக்கத்துல இருக்கிற மாதிரி செங்குத்தான மாடம், பெரும்பாலான சீட்டுக்குக் கூரை. டைகர்ஸ் ஏற்கெனவே அங்க சொந்த ஆட்டம் ஆடுறாங்க. அப்படி இருக்கும்போது சீசனுக்கு விரல்விட்டு எண்ணுற என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) ஆட்டத்துக்காக 4 கோடி பொதுப்பணமா?

அடுத்தது, மைதானம் போனா கிளப் போயிடும்கிற பயம். எங்க கதையைப் பாருங்க. 1981-ல நியூடவுனை 20-11-னு ஜெயிச்சு முதல் பட்டம். அன்னிக்கு ராத்திரியே எங்க ஜனங்க கம்பர்லாண்ட் ஓவல் ஸ்டாண்டைக் கொளுத்திட்டாங்க. அடுத்து நாலு சீசன் பெல்மோர்ல இரவல் மைதானத்துல ஆடினோம். அந்த இரவல் காலத்துலதான் 82, 83 ரெண்டு பட்டம். 86-ல புது ஸ்டேடியம் திறந்தாங்க, அந்த வருஷமும் பட்டம். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் இல்லை, அது வேற சோகம். நான் சொல்ல வர்றது, பழைய மைதானத்தை விட்டதால ஈல்ஸ் செத்துப்போகலை.

#3 மேட்டுப்பக்கம் எழுதியது:

தம்பி, நல்ல உதாரணம். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. எரிந்த கம்பர்லாண்ட் ஓவல் எங்கே இருந்ததோ அங்கேயேதான் 86-ல் புது மைதானம் கட்டினார்கள். 2019-லும் அதே இடம். உங்கள் ஜனங்கள் அதே தெருக்களில் நடந்து, அதே கடையில் சாப்பிட்டு, அதே இடத்துக்குத்தான் போகிறார்கள். கட்டடம்தான் மாறியது, ஊர் மாறவில்லை.

இடத்தை விட்டவர்கள் கதையைப் பாருங்கள். நார்த் சிட்னி பேர்ஸ் 1999-ல் நார்த் சிட்னி ஓவலை விட்டு காஸ்ஃபர்டுக்குப் போகத் திட்டம் போட்டார்கள். புது ஸ்டேடியம் இழுத்தது, கடன் ஏறியது, மான்லியோடு சேர்த்து வைக்கப்பட்டார்கள், 2002 முடிவதற்குள் அந்தக் கூட்டணியும் இல்லை. 1908-லிருந்து ஆடிய அணி. வெஸ்டர்ன் சபர்ப்ஸ் லிட்கம் ஓவலை விட்டு 1987-ல் காம்பெல்டவுன் போனார்கள். 12 வருடத்தில் தனி அணியாக அவர்களும் இல்லை. சவுத் சிட்னி ரெட்ஃபெர்னை விட்டுப் பிழைத்தது உண்மை. ஆனால் எப்படிப் பிழைத்தது? போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டு, தெருவில் ஊர்வலம் போய், நீதிமன்றம் ஏறி, 2002-ல் திரும்பி வந்தது. எல்லாருக்கும் அந்தத் தெம்பு இருக்காது.

மைதானம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. கடன், போட்டியையே இரண்டாகப் பிளந்த சூப்பர் லீக் சண்டை, அணிகளைக் குறைத்த காலம் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் நெருக்கடி வரும்போது, தன் இடத்தில் வேரோடு நிற்கிற கிளப்பைப் பிடுங்குவது கஷ்டம்.

பால்மெய்ன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ரோசெல்லில் இருந்த பால்மெய்ன் லீக்ஸ் கிளப் கட்டடத்தை மெட்ரோ ரயில் திட்டத்துக்காக 2010-ல் காலி செய்தார்கள். அந்த மெட்ரோவே கைவிடப்பட்டது. கட்டடம் விக்டோரியா ரோட்டில் வருடக்கணக்கில் பாழடைந்து நின்றது. ஆக பால்மெய்ன்காரர்களுக்குக் கூடிப்பேச இருந்த இடம் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த ஓவல் ஒன்றுதான்.

#4 புதுசு23 எழுதியது:

வணக்கம். நான் சிட்னி வந்து கொஞ்ச காலம்தான் ஆகுது. ஆபீஸ்ல எல்லாரும் ஃபுட்டி பேசுறாங்க, அதனால கத்துக்கிட்டு இருக்கேன். ஒரு அடிப்படைக் கேள்வி. மைதானம் கிளப்போட சொத்து இல்லையா? கிளப் தன் காசைப் போட்டுக் கட்டிக்க வேண்டியதுதானே?

#5 மேட்டுப்பக்கம் எழுதியது:

நல்ல கேள்வி. மைதானம் கவுன்சில் கையில் இருக்கிறது. கிளப் வாடகைக்கு ஆடுகிறது. கிளப்பின் பெரும்பங்கு ஹோல்மன் பார்ன்ஸ் குழுமத்திடம். முன்பு வெஸ்ட்ஸ் ஆஷ்ஃபீல்ட் என்று பெயர். வெஸ்டர்ன் சபர்ப்ஸின் கீத் ஹோல்மன், பால்மெய்னின் கீத் பார்ன்ஸ் இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். ஓவலில் ஒரு ஸ்டாண்டுக்கும் கீத் பார்ன்ஸ் பெயர்தான்.

சிட்னியில் பழைய புறநகர் மைதானங்கள் பலவும் இப்படித்தான், கவுன்சில் பூங்காவில் வேலி போட்டு, ஒரு பக்கம் ஸ்டாண்ட் கட்டி, மற்ற பக்கம் மண்ணைக் குவித்து மேடாக்கியவை. கவுன்சிலுக்கோ குப்பை வாருவது, நூலகம், ரோடு, குழந்தைகள் காப்பகம் என்று எல்லாவற்றுக்கும் அதே வீட்டுவரிப் பணம். ஸ்டேடியம் பராமரிக்கிற வசதி ஒரு கவுன்சிலுக்குக் கிடையாது. அதனால்தான் பிரச்சினை எப்போதும் மாநில அரசின் வாசலில் போய் நிற்கிறது.

மாநில அரசு என்ன செய்தது? மூர் பார்க்கில் இருந்த ஸ்டேடியத்தை இடித்து, 80 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2022-ல் திறந்தது. பிறகு புறநகர் மைதானங்களுக்கும் தருவதாகச் சொன்னது. அதே 2022-ல், வெள்ள நிவாரணத்துக்குப் பணம் வேண்டும் என்று அதை நிறுத்தியது. என்.ஆர்.எல். தலைமை கோபப்பட்டு, இறுதி ஆட்டத்தைக் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று மிரட்டிப் பார்த்தது. இறுதி ஆட்டம் சிட்னியில்தான் நடந்தது. பென்ரித் மைதானத்துக்கு மட்டும் பெரிய தொகை நிலைத்தது. லைக்கார்ட் வெறுங்கையோடு நின்றது. வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கு முதலில் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மூர் பார்க்குக்குக் கிடைத்ததும் புறநகருக்கு மறுத்ததும் ஒரே கஜானாவிலிருந்துதான்.

#6 மக்ஆர்தர் தமிழன் எழுதியது:

எல்லாரும் லைக்கார்ட் லைக்கார்ட் என்கிறீர்கள். இணைந்த கிளப்பின் இன்னொரு பாதியை மறந்துவிட்டீர்கள்.

நான் காம்பெல்டவுன் பக்கம். ஓரன் பார்க், லெப்பிங்டன், கிரெகரி ஹில்ஸ் எல்லாம் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்து கண் எதிரே ஊராகி நிற்கின்றன. நம் ஆட்களே எத்தனை குடும்பம் வந்துவிட்டது. பிள்ளைகள் இங்கேதான் பிறந்து வளர்கிறார்கள். டைகர்ஸ் ஜூனியர்களில் பெரும்பகுதி இந்தத் தென்மேற்கிலிருந்துதான் வருகிறார்கள். காம்பெல்டவுன் ஸ்டேடியமும் கவுன்சில் மைதானம்தான், அதுவும் சுமார் 20,000 பேருக்கானது. அதற்கு ஏன் இவ்வளவு உருக்கம் இல்லை?

இன்னர் வெஸ்டில் ஒரு வீட்டின் விலைக்கு இங்கே இரண்டு வீடு வாங்கலாம். அங்கே இருப்பவர்களுக்கு அரசியல்வாதி ஓடி வருவான், பத்திரிகை எழுதும். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்களுக்கு நெரிசலில் எம்5 நெடுஞ்சாலையில் போய் ஆட்டம் பார்க்கச் சொல்வீர்கள். 2022, 23, 24 மூன்று வருடமும் அணி கடைசி இடம். அப்போதும் மழையில் நின்று பார்த்தவர்கள் நாங்கள்.

#7 பெண்டில்ஹில் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கம் வாசிக்கிறதோட சரி, எழுதுறது குறைவு. ஆனா இதை வாசிச்ச பிறகு எழுதாமல் இருக்க ஏலாது.

என்ர மகள் ரக்பி லீக் விளையாடுறா. முதல்ல எங்கட ஆக்கள் எல்லாரும் "பொம்பிளைப் பிள்ளையை ஏன் இதுக்கு விடுறியள், கை கால் உடைஞ்சால்?" எண்டு கேட்டவை. இப்ப அவேன்ர பிள்ளையளும் வருகினம். அதை விடுங்கோ. நான் சொல்ல வந்தது உடுப்பு மாத்துற இடத்தைப் பற்றி. போன குளிர்காலம் ஒரு உள்ளூர் மைதானத்தில, பெயர் வேண்டாம், பெண் பிள்ளையளுக்கு எண்டு அறையே இல்லை. ஆம்பிளையளின்ர அறை ஒண்டு, அதுக்குள்ள பெடியன்கள் நிக்கினம். பிள்ளையள் காருக்குள்ள, துவாயை யன்னல்ல கட்டிப்போட்டு மாத்தினவை. சேறு பூசின காலோட பின் சீற்றில இருந்து, ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைக்குத் துவாயைப் பிடிச்சுக்கொண்டு. பதின்மூண்டு வயசுப் பிள்ளையள்.

வெஸ்ட்ஸ் டைகர்ஸ் பெண்கள் அணி 2023-ல என்.ஆர்.எல்.டபிள்யூ. எண்ட பெண்கள் போட்டிக்குள்ள வந்திட்டுது. அண்டைக்கு ரீவியில பாத்திட்டு மகள் துள்ளினவ. லைக்கார்ட்டில சிட்னி எஃப்.சி. பெண்களும் உதைபந்து விளையாடுகினம். அப்ப அந்த மைதானம் ஒரு வருசத்தில கொஞ்ச ஆட்டத்துக்குத்தான் எண்டு பாரமட்டா தம்பி எழுதினது முழுக் கணக்கு இல்லை. ஆம்பிளையளின்ர என்.ஆர்.எல். ஆட்டத்தை மட்டும் எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். பள்ளிக்கூடப் பிள்ளையள், பெண்கள், உள்ளூர் அணிகள் எல்லாரையும் சேர்த்து எண்ணுங்கோ.

பாரமட்டாவில முப்பதாயிரம் கதிரை இருக்கு, சரி. அதில எங்கட பிள்ளையளின்ர சனிக்கிழமை ஆட்டத்தை ஆட விடுவினமோ?

#8 கம்பியும் கல்லும் எழுதியது:

நான் பொதுக் கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதும் வேலையில் இருப்பவன். லைக்கார்ட் ஓவலில் வேலை செய்ததில்லை. அங்கே அந்தக் கம்பி ஏன் பெயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பொதுவாக இந்த வயது மைதானங்களில் நடப்பதைச் சொல்கிறேன்.

கூட்டம் சாய்கிற இடத்தில் தடுப்புக் கம்பி எவ்வளவு தள்ளுதலைத் தாங்க வேண்டும் என்று இங்கே தரக்கட்டுப்பாடு இருக்கிறது. நெரிசல் வரக்கூடிய இடமென்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 கிலோநியூட்டன், சுமார் 300 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். வீட்டு பால்கனிக்குக் கேட்பதைவிடப் பல மடங்கு. பழைய மைதானங்களில் போட்ட கம்பிகள் இந்த எண்ணை யோசித்துப் போட்டவை அல்ல. பந்து வெளியே போகாமலும் ஆட்கள் உள்ளே ஓடாமலும் இருக்க ஒரு குழாய், அவ்வளவுதான்.

சரி, புதிதாக நன்றாகவே போட்டார்கள் என்று வையுங்கள். குழாயைக் கான்கிரீட்டில் நட்டிருப்பார்கள். குழாய் கான்கிரீட்டைச் சந்திக்கிற அந்த ஒரு அங்குலத்தில்தான் மழைத்தண்ணீர் நிற்கும். கடல் பக்கமென்றால் உப்புக்காற்று வேறு. துரு அங்கேதான் தின்னும். மேலே வருடாவருடம் பெயின்ட் அடிப்பார்கள், பளபளவென்று இருக்கும். நான் ஒரு இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அடியில் குத்தினேன், முனை உள்ளே போய்விட்டது. மேலே ஒரு கீறல்கூட இல்லை.

இதனால் இரண்டு விஷயம். ஒன்று, பராமரிப்புக்கு வருடா வருடம் பணம் ஒதுக்காமல் ஒரே தடவை 4 கோடி போடுவது பத்து வருடத்தில் மறுபடி இதே இழையை எழுத வைக்கும். அறிவிப்பு விழாவில் எல்லா அரசியல்வாதியும் வருவார்கள். குழாயின் அடியைக் குத்திப் பார்க்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்க யாரும் மேடை போட மாட்டார்கள். இரண்டாவது, 4 கோடி பெரிய தொகை என்று நினைக்காதீர்கள். புரூக்வேலில் மான்லி 2022-ல் திறந்த வடக்கு ஸ்டாண்டும் பயிற்சி மையமும் மட்டும் 3 கோடிக்கு மேல். புது ஸ்டாண்ட் ஆசையில் இறங்கினால் கழிப்பறைக்கும் கம்பிக்கும் மிச்சம் இருக்காது.

இன்னொன்று. பழைய கட்டடத்தில் பெரிய வேலை தொடங்கினால், சக்கர நாற்காலியில் வருகிறவர் நுழைவாயிலிலிருந்து அந்தப் பகுதிவரை போக வழி செய்தாக வேண்டும், 2010-ல் வந்த விதிகள் அப்படி. மேட்டு மைதானத்தில் இது லேசான வேலை இல்லை. சரிவு அதிகம், சாய்தளம் போட்டால் நீளம் அதிகம். இதை வரைபடத்தின் முதல் நாளே யோசித்தால் அழகாக வரும். கடைசியில் ஒட்டவைத்தால் அவர்களை மூலையில் ஒரு கூண்டில் உட்காரவைக்கிற மாதிரி ஆகிவிடும். அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

#9 பாரமட்டாவாசி எழுதியது:

அக்கா சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பள்ளிப் பிள்ளைங்க, பெண்கள் ஆட்டம், உள்ளூர் ஆட்டம், அதுக்கு இந்த மைதானத்தைச் சரிபண்ணணும், அதுல முழுசா உடன்பாடு.

ஆனா என்.ஆர்.எல். ஆட்டம் பத்தி என் கேள்வி அப்படியேதான் இருக்கு. கிளப் ஏன் பெரிய ஸ்டேடியத்துக்குப் போகுதுன்னு யோசிங்க. கேட் வசூல் மட்டும் இல்லை. கம்பெனிகளுக்கு விக்கிற பாக்ஸ், சாப்பாட்டோட சேர்த்து விக்கிற சீட்டு, அங்கதான் காசு. லைக்கார்ட்ல அதுக்கு இடமே குறைவு. மேட்டுல உட்கார்றவங்க எவ்வளவு ஆசையா வந்தாலும் அவங்க டிக்கெட் மலிவு டிக்கெட். மூணு வருஷம் கடைசில வந்த அணிக்கு நல்ல ஆட்டக்காரனைக் கூட்டிட்டு வர காசு வேணாமா?

#10 மேட்டுப்பக்கம் எழுதியது:

கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. டைகர்ஸ் ஒலிம்பிக் பார்க்கில் 80,000 பேருக்கான ஸ்டேடியத்தில் சொந்த ஆட்டம் ஆடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் வந்தால் டிவியில் காலி நாற்காலிதான் தெரியும். அதே கூட்டம் லைக்கார்ட்டில் வந்தால் மைதானம் பிதுங்குகிற மாதிரி இருக்கும். டிவி காசுதான் என்.ஆர்.எல். கிளப்களுக்குச் சோறு போடுகிறது. அந்த டிவியில் எந்தக் காட்சி நன்றாக இருக்கும்?

இது புது விஷயமும் இல்லை. 1974-ல் ஆம்கோ கோப்பை தொடங்கினார்கள், ஜீன்ஸ் கம்பெனி ஸ்பான்சர். வாரநடுவில், விளக்கு வெளிச்சத்தில், டிவிக்காகவே நடத்திய போட்டி. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த மைதானம் இந்த லைக்கார்ட் ஓவல். புதன்கிழமை ராத்திரி நாடு முழுக்க வீட்டில் உட்கார்ந்து பார்த்தது இந்த மைதானத்தைத்தான். முதல் வருடம் கோப்பையைத் தூக்கியது யார் தெரியுமா? பெரிய சிட்னி கிளப் எதுவும் இல்லை, நாட்டுப்புறத்திலிருந்து வந்த வெஸ்டர்ன் டிவிஷன் அணி.

மக்ஆர்தர் தமிழன் சொன்னது எனக்கு உறுத்துகிறது, அது நியாயமான கோபம். ஆனால் லைக்கார்ட்டின் பணத்தைப் பிடுங்கி காம்பெல்டவுனுக்குக் கொடுத்தால் அது தீராது. 1999-ல் இரண்டு கிளப்பையும் சேர்க்கும்போது இரண்டு ஊருக்கும் ஆட்டம் உண்டு என்றுதான் ஜனங்கள் நம்பினார்கள். 2005-ல் பட்டம் ஜெயித்தபோது இரண்டு ஊரும் சேர்ந்துதான் கொண்டாடியது. நார்த் குயின்ஸ்லாந்தை 30-16, பென்ஜி மார்ஷல் ஓட்டத்திலேயே பின்பக்கமாகத் தட்டிவிட, பாட் ரிச்சர்ட்ஸ் ட்ரை போட்ட அந்த ஆட்டம். இன்றைக்கு அதே பென்ஜிதான் பயிற்சியாளர். லைக்கார்ட்டுக்கு எத்தனை, காம்பெல்டவுனுக்கு எத்தனை என்று எண்ணாகவே ஒப்பந்தத்தில் எழுதட்டும். கம்பேங்க் ஸ்டேடியத்துக்கு ஈல்ஸோடு மோதுகிற மாதிரி பெரிய ஆட்டம் போகட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

#11 லீட்ஸ்காரர் எழுதியது:

இங்கே இங்கிலாந்திலிருந்து ஒரு வார்த்தை. ரக்பி லீக் பிறந்த பக்கத்தில் இருக்கிறேன், இதே சண்டை இங்கே வெகுகாலமாக நடக்கிறது.

விகன் கிளப்பின் சென்ட்ரல் பார்க் 1999-ல் போனது. இன்றைக்கு அங்கே டெஸ்கோ சூப்பர்மார்க்கெட். விகன் புது ஸ்டேடியத்துக்குப் போய் நிறையப் பட்டமும் ஜெயித்தது, ஆக பாரமட்டாவாசி சொல்வதற்கும் சாட்சி இருக்கிறது. ஆனால் அது பணக்காரக் கிளப்.

பிராட்ஃபர்டின் ஆட்சலை எடுங்கள். 1954-ல் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தின் மறு ஆட்டத்துக்கு அங்கே 102,569 பேர் வந்ததாகப் பதிவு. பெரிய பள்ளம் மாதிரி மைதானம். அதற்குப் பிறகு எத்தனையோ திட்டம், எத்தனையோ வரைபடம், எல்லாம் காகிதத்திலேயே போயிற்று. கிளப் கடனில் விழுந்து விழுந்து எழுந்தது, 2012-ல் மைதானக் குத்தகையை விளையாட்டு வாரியமே வாங்கிக் காப்பாற்ற வேண்டி வந்தது. பெரிதாகக் கட்டுவோம் என்று காத்திருந்து, சின்னச் சின்னப் பழுதுகளையும் பார்க்காமல் விட்டதன் விலை அது.

வேக்ஃபீல்டு வேறு பாடம். பெல் வ்யூ மைதானம் அவ்வளவு மோசமாக இருந்தது, வருடக்கணக்கில் வேறு இடம் தேடினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இருக்கிற இடத்திலேயே கிழக்குப் பக்கம் புது ஸ்டாண்ட் கட்டினார்கள். இங்கே 2024-லிருந்து மேல்மட்டப் போட்டியில் யார் ஆடலாம் என்பதை மதிப்பெண் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். மைதான வசதிக்கும் அதில் மதிப்பெண் உண்டு. 2023 முடிவில் கீழே இறங்கிய வேக்ஃபீல்டு 2025-ல் மேலே வந்துவிட்டது. அந்த ஸ்டாண்ட் இல்லாமல் அது கஷ்டம்தான்.

கம்பியும் கல்லும் எழுதினதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். மைதானத்தை அழிப்பது எப்போதும் இடிக்கிற இயந்திரம் இல்லை. "அடுத்த வருடம் பெரிதாகச் செய்வோம்" என்கிற பேச்சு அதைவிட அதிகம் அழித்திருக்கிறது.

#12 மக்ஆர்தர் தமிழன் எழுதியது:

மேட்டுப்பக்கம், எண்ணாக எழுதச் சொல்வதற்கு நன்றி. அது எழுதப்பட்டால் லைக்கார்ட்டுக்கு நானும் கை தூக்குகிறேன். எழுதாவிட்டால் "இரண்டு ஊர் கிளப்" என்பது சட்டையில் மட்டும்தான்.

எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை லைக்கார்ட் போயிருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். மகனுக்கு ஆட்டம் அவ்வளவு நினைவில்லை. ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் வேலியோரம் வந்து கை கொடுத்தார்கள், அது மட்டும் நினைவிருக்கிறது. பெரிய ஸ்டேடியத்தில் அது நடக்காது என்று இல்லை, நடப்பது குறைவு.

#13 புதுசு23 எழுதியது:

இவ்வளவு விஷயம் இருக்குன்னு தெரியாது, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. ஹென்சன் பார்க்னு ஒரு மைதானம் பத்தி ஆபீஸ்ல சொன்னாங்க, அதுவும் இதே கவுன்சிலா? அப்புறம், இன்னர் வெஸ்ட்ல குடியிருக்காதவங்க கவுன்சிலுக்குக் கருத்து அனுப்பலாமா?

#14 மேட்டுப்பக்கம் எழுதியது:

ஆமாம், மேரிக்வில்லில் இருக்கும் ஹென்சன் பார்க்கும் இன்னர் வெஸ்ட் கவுன்சில்தான். நியூடவுன் ஜெட்ஸின் வீடு. 1983-க்குப் பிறகு நியூடவுன் மேல்மட்டப் போட்டியில் இல்லை. ஆனாலும் மைதானமும் கிளப்பும் உயிரோடு இருக்கின்றன. சனிக்கிழமை குடும்பத்தோடு, நாயோடு, சைக்கிளில் வருவார்கள். எத்தனை பேர் வந்தாலும் ஒலிபெருக்கியில் 8,972 என்றுதான் அறிவிப்பார்கள், அது அங்கே வழக்கம். ஒரு தடவை போய்ப் பாருங்கள். மேல்மட்ட ஆட்டமே இல்லாமல் ஒரு மைதானம் எப்படி ஊருக்குச் சொந்தமாக இருக்கிறது என்று தெரியும்.

கருத்து யாரும் அனுப்பலாம். கவுன்சிலின் 'யுவர் சே' பக்கத்தில் ஓவல் சம்பந்தமான வரைபடம் பார்வைக்கு வரும்போதெல்லாம் எழுதுங்கள். நீங்கள் எந்த ஊர், எதற்கு அந்த மைதானத்துக்குப் போகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். "ஓவலைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் அது எண்ணிக்கையில் ஒன்று, அவ்வளவுதான். குறிப்பாக ஒன்றைக் கேட்டால் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். மத்திய, மாநில உறுப்பினர்களுக்கும் ஒரு பிரதி போடுங்கள், பணத்தில் முக்கால் பங்கு அவர்களுடையது.

போகும்போது கார் எடுக்காதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. லைட் ரயிலில் லில்லிஃபீல்டிலோ லைக்கார்ட் நார்த்திலோ இறங்கி நடக்கலாம்.

#15 கம்பியும் கல்லும் எழுதியது:

கேட்பதென்றால் இதையும் கேளுங்கள்: வேலை முடிந்த பிறகு வருடாந்தரப் பராமரிப்புக்கு எவ்வளவு, யார் கொடுப்பது, கம்பிகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது, அந்த அறிக்கை மக்கள் பார்வைக்கு வருமா.

#16 பெண்டில்ஹில் அம்மா எழுதியது:

நான் இப்பிடி எழுதியிருக்கிறன். மகள்தான் இங்கிலீசில மாத்தித் தரப்போறா. பிழை இருந்தால் சொல்லுங்கோ.

"நான் பெண்டில் ஹில்லில் வசிக்கிறேன். என் மகள் ரக்பி லீக் விளையாடுகிறாள். லைக்கார்ட் ஓவல் திட்டத்தில் பெண்களுக்கு நான்கு உடைமாற்றும் அறைகள் வேண்டும், இரண்டு அல்ல. ஒரு ஆட்டம் முடியும் நேரத்தில் அடுத்த ஆட்டத்தின் இரண்டு அணிகளும் ஆயத்தமாக வேண்டும். கதவுக்குள் பூட்டு, தனித்தனி குளியலறை, முதலுதவி அறைக்கு உள்ளிருந்தே வழி வேண்டும். இந்த அறைகள் என்.ஆர்.எல். ஆட்டம் இல்லாத சனிக்கிழமைகளில் உள்ளூர்ப் பெண்கள் அணிகளுக்கும் பள்ளிகளுக்கும் திறந்திருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதவும். பணம் போதாவிட்டால் புது ஸ்டாண்டைக் குறைக்கவும், இதைக் குறைக்க வேண்டாம்."

#17 பாரமட்டாவாசி எழுதியது:

பிழை ஒண்ணும் இல்லை அக்கா. கடைசி வரியை முதல் வரியா போடுங்க. என் பேரையும் சேர்த்துக்கங்க, ஈல்ஸ் ஆள்னு அடைப்புக்குறியில போட்டாலும் சரி.